நேர் ஷாட்டிலேயே 50க்கு 21தான். கோளாறு குறியிலா, கையிலா?

ஒன்பதாம்பந்து:

மூன்று வருடமாக எயிட்பாலும் நைன்பாலும் ஆடி வருகிறேன், க்யூ என்ற கோலால் பந்தைக் குழியில் போடும் பில்லியர்ட்ஸ் வகை ஆட்டங்கள். ஒன்பது அடி மேசை, வலது கை, மூக்கில் கண்ணாடி. ஓங்கிய கண், அதாவது பார்வையில் முந்திக்கொள்ளும் கண், மட்டும் இடது. (இரண்டு கையையும் நீட்டி நடுவில் சின்ன இடைவெளி விட்டு, தூரத்துப் பொருளைப் பார்த்தபடி ஒவ்வொரு கண்ணாக மூடிச் சோதிப்பார்களே, அப்படிச் சோதித்ததில் தெரிந்தது.)

என் தொல்லை இதுதான். வலப்பக்கம் வெட்ட வேண்டிய, அதாவது பந்தின் ஓரத்தில் தட்டி வலப்பக்கம் திருப்ப வேண்டிய, கட் ஷாட்டுகளில் பந்து போதுமான அளவு வெட்டுப்படாமல், தடிமனாக, அதாவது நடுவை ஒட்டிப் பட்டு, குழிக்கு இடப்பக்கமாகவே போகிறது. இடப்பக்கக் கட்டில் இந்தப் பிரச்சினை இல்லை, பத்துக்கு ஏழு விழுந்துவிடும். அதனால் குறி பார்க்கும் முறையில்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். முதலில் கோஸ்ட் பால் முறை. குழிக்கு எதிர்ப்பக்கத்தில், அடிபடப் போகும் பந்தை ஒட்டி இன்னொரு பந்து இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, அதன் நடுவுக்கு, க்யூவால் அடிக்கும் வெள்ளைப் பந்தை அனுப்ப வேண்டும். எனக்கு அந்த ஆவி கண்ணில் தட்டுப்படவே இல்லை. அப்புறம் பின்னக் கணக்குக்குப் போனேன், வெள்ளை மற்ற பந்தின் எவ்வளவு பங்கை மறைக்கிறது என்பதை வைத்து வெட்டும் கோணத்தைக் கணக்கிடுவது. முக்கால் பந்து என்றால் பதினாலரை டிகிரி, அரைப் பந்துக்கு 30, கால் பந்துக்கு 48 சொச்சம். கணக்கெல்லாம் மனப்பாடம். பந்து மட்டும் குழியின் அதே உதட்டில் இடித்துக்கொண்டு திரும்பி வருகிறது.

போன வாரம் கோபத்தில் கட் ஷாட்டையே விட்டுவிட்டு வெறும் நேர் ஷாட் அடித்துப் பார்த்தேன். பந்து மேசையின் நட்ட நடுவில். வெள்ளை, குழிக்குப் போகும் மூலைவிட்டக் கோட்டில், நடுவுக்கும் பின்மூலைக்கும் பாதி வழியில். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைக்க வேண்டும் என்பதற்காகச் சின்ன வளைய ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டேன். 50 ஷாட், ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தேன். விழுந்தது 21. தவறிய 29-ல் 23 குழிக்கு இடப்பக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நின்று பார்க்கும்போது கோடு பளிச்சென்று தெரிகிறது. குனிந்ததும் க்யூ வேறெங்கோ பார்ப்பது போலிருக்கிறது. உடனே க்யூவின் பின்பகுதியைப் பிடித்திருக்கும் பின்கையை இம்மியளவு நகர்த்தி, மனதுக்குச் சரி என்று பட்டதும் அடித்துவிடுகிறேன்.

எந்தக் குறி முறைக்கு மாறலாம்? லோ டிஃப்ளெக்‌ஷன் ஷாஃப்ட் (பக்கவாட்டில் அடித்தாலும் வெள்ளையை அதிகம் விலக்காத க்யூ முன்பகுதி) வாங்கினால் பலன் இருக்குமா?

டபுள்கிஸ்:

ஷாஃப்ட் மாற்றுங்கள் நண்பரே. நானும் போன வருடம் மாற்றினேன், ஆட்டமே வேறு மாதிரி ஆகிவிட்டது. பின்னக் கணக்கை மட்டும் விடாதீர்கள், ஒரு ஆயிரம் ஷாட் போனால் தானாகப் படிந்துவிடும்.

இழைப்புளி:

டபுள்கிஸ் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. தப்பான கோட்டில் ஆயிரம் ஷாட் அடித்தால் படிவதும் அந்தத் தப்புதான். நானே அதற்கு உயிருள்ள சாட்சி.

நான் தச்சுவேலை செய்கிறவன். இருபத்திரண்டு வருடமாக ஆட்ட மேசையிலும் குனிந்துகொண்டிருக்கிறேன். இரண்டிலும் நேர்க்கோடுதான் பிழைப்பு என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

ஒன்பதாம்பந்து, உங்களுக்கு வேண்டிய பதில் உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. நேர் ஷாட்டில் குறி பார்க்க என்ன இருக்கிறது? வெள்ளையின் நடு, பந்தின் நடு, குழியின் நடு. ஆவியும் வேண்டாம், பின்னமும் வேண்டாம். அதிலேயே 29 தவறி, அதில் 23 ஒரே பக்கம் போகிறதென்றால், குறி முறைக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை.

பந்து இடப்பக்கம் போனால், வெள்ளை அதன் நடுவுக்கு வலப்பக்கம் பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆக, உங்கள் வெள்ளை நினைத்த கோட்டைவிட்டு வலப்பக்கம் ஒதுங்குகிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு கட் ஷாட்டுக்கு வாருங்கள். வலப்பக்கம் வெட்டுவதற்குப் பந்தின் இடது பாதியில் பட வேண்டும். வெள்ளை வலப்பக்கம் ஒதுங்கினால் தடிமனாகத்தான் படும். அது புரிகிறது. ஆனால் அதே கணக்குப்படி இடப்பக்கக் கட்டில் மெலிதாகப் பட்டு மறுபக்கம் தவற வேண்டும். உங்களுக்குப் பத்துக்கு ஏழு விழுகிறதே, எப்படி?

அங்கேதான் த்ரோ வருகிறது. இரண்டு பந்தும் ஒன்றை ஒன்று தொடும் கணத்தில் உரசல் இருக்கிறது. அந்த உரசலில் வெள்ளை மற்ற பந்தைத் தான் போகும் திசைக்குக் கொஞ்சம் இழுத்துவிடும். எந்தப் பக்கக் கட்டானாலும் த்ரோ பந்தைத் தடிமன் பக்கமாகவே கொண்டுபோகும். மெதுவாக அடித்தால் அதிகம், பந்துகள் அழுக்காக இருந்தால் இன்னும் அதிகம், சில டிகிரி வரைக்கும் போகும். இடப்பக்கக் கட்டில் உங்கள் கை மெலிதாக்குகிறது, த்ரோ தடிமனாக்குகிறது. ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு பந்து விழுந்துவிடுகிறது. வலப்பக்கத்தில் இரண்டும் கூட்டல். நீங்கள் உங்கள் பலம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் இடப்பக்கக் கட், இரண்டு தப்பு கைகோத்து வந்த சரி. இப்போதே சொல்லி வைக்கிறேன், கை நேரானதும் அதுதான் முதலில் கெடும். அப்போது என்னைத் திட்டக் கூடாது.

எவ்வளவு ஒதுங்கினால் தவறும் என்று ஒருநாள் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மரத்தில் வேலை செய்கிறவனுக்கே வயிற்றைக் கலக்கியது. பந்தின் விட்டம் 57.15 மி.மீ. இறுக்கமான மூலைக்குழியின் வாய் 114.3 மி.மீ., அதாவது சரியாக இரண்டு பந்து. மேசையின் நடுவிலிருந்து மூலைக்குச் சுமார் 142 செ.மீ. நீங்கள் வைத்த அந்த ஷாட்டில், வெள்ளை பந்தின் நடுவைவிட்டு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விலகினாலே பந்து குழியின் விளிம்புக்குப் போய்விடுகிறது. உதட்டில் இடித்து உள்ளே விழுகிற கணக்கைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். க்யூவைத் தாங்கும் முன்கையிலிருந்து, அதாவது பிரிட்ஜிலிருந்து, பின்கை 75 செ.மீ. பின்னால் இருக்கிறதென்றால், அங்கே ஒன்றரை மில்லிமீட்டர்கூட நகர வேண்டியதில்லை. நீங்கள் என்னவோ பின்கையை ‘இம்மியளவு’ நகர்த்துவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஆட்டத்தில் அந்த இம்மி ஒரு முழம்.

ஷாஃப்ட் விஷயம். வெள்ளையின் நடுவில் அடிக்காமல் பக்கவாட்டில் அடித்தால் அது எதிர்ப்பக்கம் கொஞ்சம் விலகும். அடிக்கும் நேரத்தில் பின்கை திரும்பி க்யூ முனை வலப்பக்கம் போனால், சாதாரண ஷாஃப்டில் அந்த விலகல் வெள்ளையை இடப்பக்கம் தள்ளித் தப்பில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். லோ டிஃப்ளெக்‌ஷன் ஷாஃப்ட் அந்தத் தயவைக் காட்டாது. சைடு வைத்து, அதாவது வேண்டுமென்றே பக்கவாட்டில் அடித்து வெள்ளையைச் சுழலவிட்டு, ஆடுகிறவர்களுக்கு நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. உங்கள் நோய்க்கு அது மருந்தில்லை. பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சரி, வெள்ளை ஏன் ஒதுங்குகிறது? கண், கால், கை மூன்றில் ஒன்று. நான் இரண்டு வருடம் கையையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் கால். இழைப்புளி தள்ளும்போது பலகையை ஒட்டி நிற்கக் கூடாது, முழங்கை தடையில்லாமல் ஓட இடுப்பு விலகி நிற்க வேண்டும். வேலையில் இதைப் பையன்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவன், மேசைக்கு வந்தால் கோட்டின் மேலேயே வயிற்றை வைத்துக்கொண்டு நின்றேன். க்யூவுக்கு இடமில்லாமல் கை விலாவைச் சுற்றிக்கொண்டு போனது. பின்னாலிருந்து ஃபோனில் எடுத்த பதினைந்து நொடி வீடியோ காட்டிக்கொடுத்தது.

வலது கைக்காரருக்கு நான் சொல்வது இப்படி. இரண்டடி பின்னால் நின்று கோட்டைப் பாருங்கள். நாங்கள் பலகையில் நூல் அடிப்போம், சுண்ணாம்பு தோய்த்த நூலை இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் கோடு விழும். அப்படி ஒரு கோடு வெள்ளை வழியாக உங்கள் காலடிவரை வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வலது பாதம் அந்தக் கோட்டில் விழ வேண்டும். பிறகு இடது கால் பக்கவாட்டில் சற்று முன்னால். கண்ணைக் கோட்டிலிருந்து எடுக்காமல் தலையை நேராகக் கீழே இறக்குங்கள். பக்கத்திலிருந்து வளைந்து வந்து குனிகிறவர்கள்தான் குனிந்த பிறகு தேடுகிறார்கள். குனிந்ததும் க்யூ வேறெங்கோ பார்ப்பதாகத் தோன்றினால் பின்கையைத் தொடவே தொடாதீர்கள். எழுந்து நில்லுங்கள். மறுபடி முதலிலிருந்து. பத்து முறை எழுந்தாலும் பரவாயில்லை, யாரும் விரட்டவில்லை.

அப்புறம் ஒரு சோதனை. அதே நேர் ஷாட்டை நடுவுக்குச் சற்றுக் கீழே அடித்து ஸ்டாப் ஷாட்டாக ஆடுங்கள். பந்து இருந்த இடத்தில் வெள்ளை அசையாமல் நிற்க வேண்டும். அது நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றினால் க்யூ முனை பக்கவாட்டில் பட்டிருக்கிறது. இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றினால் வலப்பக்கம் பட்டது. வலஞ்சுழி என்றால் இடப்பக்கம். சுற்றாமல் வெறுமனே வலப்பக்கம் நகர்ந்தால் ஸ்ட்ரோக் நேர்தான், நிற்கும் கோடு தப்பு. விழுந்ததா இல்லையா என்று எழுதியதுபோல் இதையும் அந்த நோட்டில் எழுதுங்கள்.

ஒன்பதாம்பந்து:

இழைப்புளி அண்ணா, இடப்பக்கக் கட் விஷயத்தைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடப் பெருமை போச்சு.

ஒரு சந்தேகம். ஓங்கிய கண்ணுக்குக் கீழே க்யூ இருக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். அதனால் வலுக்கட்டாயமாகத் தலையை வலப்பக்கம் தள்ளி, இடது கண்ணுக்கு நேர் கீழே க்யூவை வைக்கிறேன். அது சரியா?

இழைப்புளி:

நான் கண் விஷயம் அதிகம் பேசாததற்குக் காரணம், பலகை பார்க்கும் பழக்கத்தில் எனக்கு ஒரு கண் ஆட்டம்தான். கண்ணாடிக்காரர் யாராவது சொல்லட்டும்.

மூக்குக்கண்ணாடி:

கூப்பிட்டீர்களா, வந்துவிட்டேன். எனக்கும் இடது கண் ஓங்கியது, எனக்கும் அதே அறிவுரை கிடைத்தது.

ஓங்கிய கண்ணும் க்யூ இருக்க வேண்டிய இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. டேவ் அல்சியாடோரே என்பவர் கொலராடோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்தவர், இந்த ஆட்டத்தின் இயற்பியலை வேகக் கேமரா வைத்து நிறைய அலசியவர். அவர் இதைப் பார்வை மையம் என்பார். சிலருக்கு அது ஒரு கண்ணுக்குக் கீழே, சிலருக்கு மூக்குக்குக் கீழே, இன்னும் சிலருக்கு இரண்டுக்கும் இடையில் எங்கோ. அவரவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். மேசையின் நீளவாக்கு நடுக்கோட்டில் க்யூவைப் படுக்க வைத்து, எதிர்க் குஷனின் நடு டயமண்டை (மேசை விளிம்பில் பதித்த குறி) அது சரியாக நோக்கும்படி செய்துகொள்ளுங்கள். வேறு யாரையாவது விட்டுச் சரிபார்ப்பது நல்லது. பிறகு ஷாட்டுக்குக் குனிவதுபோல் அதன் மேல் குனிந்து, தலையை மெதுவாக இடமும் வலமும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் க்யூ டயமண்டைவிட்டு விலகித் தெரியும், ஓரிடத்தில் நேராகத் தெரியும். நேராகத் தெரியும் இடத்தில் தாடையில் எந்தப் புள்ளி க்யூவுக்கு மேல் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு இடது கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் வந்தது. ஒரு வருடம் வீண்.

அடுத்தது கண்ணாடி. குனிந்திருக்கும்போது நாம் லென்ஸின் நடு வழியாகப் பார்ப்பதில்லை, மேல் விளிம்பு வழியாகப் பார்க்கிறோம். விளிம்பில் ஒளி கொஞ்சம் திரும்பித்தான் கண்ணுக்கு வரும். தலை சாய்ந்திருந்தால் அந்தத் திருப்பம் பக்கவாட்டிலும் ஏறும். நழுவுகிற ஃபிரேம் என்றால் ஷாட்டுக்கு ஷாட் மாறும். ஸ்னூக்கரில் டென்னிஸ் டெய்லர் தலைகீழாக மாட்டியதுபோல் ஒரு பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடினாரே, அது வேடிக்கைக்கு இல்லை. குனிந்தபோதும் லென்ஸின் நடு வழியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் கண்ணாடியோடுதான் 1985 உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் ஸ்டீவ் டேவிஸை 18-17 என்று கடைசிக் கறுப்புப் பந்தில் வென்றார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. உயரமான லென்ஸ் உள்ள ஃபிரேமுக்கு மாறி, மூக்கில் நழுவாத ரப்பர் பட்டை போட்டுக்கொண்டேன்.

டபுள்கிஸ்:

எல்லாம் சரி, எஃப்ரன் ரேயஸ் ஸ்ட்ரோக்கைப் பார்த்திருக்கிறீர்களா? க்யூ பாம்பு மாதிரி நெளியும். அவரையே மந்திரவாதி என்கிறார்கள். 1999-ல் உலக நைன்பால் பட்டமும் வாங்கினார். நேராகப் போனால்தான் ஆட்டம் என்பது ரொம்பப் புத்தகக் கணக்காகத் தெரிகிறது.

இழைப்புளி:

நல்ல கேள்வி தம்பி. நெளிவது ஒத்திகை வீச்சில். முனை பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சின்ன வயதிலிருந்து மேசையோடு மேசையாக வளர்ந்தவர் அவர், ஒவ்வொரு முறையும் அதே நெளிவு, அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. கீத் மெக்ரெடி பக்கவாட்டில் கையை வீசி அடித்தே பெரிய ஆட்டக்காரர் ஆனார். அவர்களைப் போல நெளிய வேண்டுமானால் அவர்கள் அளவுக்கு ஆட வேண்டும். நமக்கு வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான். நகரும் பாகம் குறைந்தால் கோளாறும் குறையும்.

கடைசிப் பார்வையைப் பற்றி நான் சொல்ல மறந்துவிட்டேன். ரம்பத்தால் அறுக்கும்போது ரம்பத்தைப் பார்த்தால் வெட்டு கோணும், முன்னால் இருக்கும் கோட்டைப் பார்க்க வேண்டும். இங்கேயும் க்யூவை இழுத்து நிறுத்தி அடிக்கும் முன் கண் பந்தில், படவேண்டிய இடத்தில் நிலைத்திருக்க வேண்டும். கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் இப்படிப்பட்ட அசையாத கடைசிப் பார்வையைப் பல விளையாட்டுகளில் அளந்து காட்டியவர். பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களை வைத்து 2002-ல் வந்த ஒரு ஆய்விலும், தேர்ந்தவர்கள் பார்வையை அதிக நேரம் நிலைநிறுத்துகிறார்கள் என்று தெரிந்தது. என் குறை அதற்கு நேர் எதிர். அடிக்கும்போது கண்ணைத் தூக்கிக் குழியைப் பார்ப்பேன். கண் போனால் தலை போகும், தலை போனால் தோள் போகும்.

ஒன்பதாம்பந்து:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சொன்னதையெல்லாம் செய்தேன், சிலவற்றை அரைகுறையாக.

முதலில் படுக்க வைத்த க்யூ சோதனை. என் பார்வை மையம் இடது கண்ணுக்குக் கீழே இல்லை. மூக்கின் இடது ஓரத்துக்கு நேர் கீழே. ஏறக்குறைய இரண்டு செ.மீ. வித்தியாசம். தலையை அங்கே வைத்து முதல் முறை குனிந்தபோது கழுத்தில் யாரோ பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. ஆனால் க்யூ ‘வேறெங்கோ பார்க்கிற’ அந்தத் தொல்லை பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் கண்ணாடி. பட்டை போட்டேன், பரவாயில்லை.

பிறகு ஸ்டாப் ஷாட். அண்ணா, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. முதல் இருபதில் பதினான்கு முறை வெள்ளை இடஞ்சுழியாகச் சுற்றியது. மெதுவாகத்தான், ஆனால் சுற்றியது. மூன்று வருடமாக அது என் கண்முன்னால்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது, நான் குழியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பின்னாலிருந்து வீடியோ எடுத்தேன். பின்னிழுப்பு அழகாக நேராக இருக்கிறது. முன்னால் வரும்போது, பந்தைத் தொடும் முன்பே, மணிக்கட்டு நெஞ்சுப் பக்கமாகச் சுருள்கிறது. பின்கை இடப்பக்கம் வந்தால் முனை வலப்பக்கம் போகாமல் என்ன செய்யும்.

ஏன் சுருள்கிறது என்று பார்த்தால், கடைசிக் கணத்தில் க்யூவை நெரித்துப் பிடிக்கிறேன். ஐந்து விரலும் இறுகுகிறது. அதனால் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் வெறுமனே ஒட்டி மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற மூன்றில் க்யூ தொங்குகிற மாதிரி பிடித்துப் பழகினேன். முதல் நான்கு நாள் க்யூ கையைவிட்டுப் பறந்துவிடும் என்று பயம். பறக்கவில்லை. வீட்டில் ஒரு காலி பாட்டிலைப் படுக்க வைத்து, அதன் கழுத்துக்குள் க்யூ முனையை விளிம்பில் படாமல் ஓட்டிப் பழகுகிறேன். பாட்டில் ‘டிங்’ என்று சத்தம் போட்டால் ஒரு புள்ளி கழிவு. வீட்டில் உள்ளவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது வேறு கதை.

அதே 50 நேர் ஷாட்: இந்த வாரம் 34. தவறிய 16-ல் இடப்பக்கம் 9, வலப்பக்கம் 7. இரண்டு பக்கமும் தவறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நீங்கள் எச்சரித்ததும் நடந்துவிட்டது. வலப்பக்கக் கட் கொஞ்சம் தேறியிருக்கிறது, பத்துக்கு ஐந்து. இடப்பக்கக் கட் ஏழிலிருந்து நான்காகிவிட்டது. எல்லாம் தடிமன். நேற்று ஆட்டத்தில் எட்டாம் பந்துக்கு இடப்பக்கக் கட், கையை நீட்டிப் போடுகிற தூரம். குழியின் உதட்டில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது. எதிராளி சிரித்துக்கொண்டே போட்டுவிட்டுப் போனார். பழைய சுருட்டலையே திரும்பக் கொண்டுவரலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன்.

மூக்குக்கண்ணாடி:

கொண்டுவந்துவிடாதீர்கள். நான் கொண்டுவந்தேன், அந்த ஒரு வருடத்தில் அதுவும் சேர்த்தி.

டபுள்கிஸ்:

நானும் ஸ்டாப் ஷாட் அடித்துப் பார்த்தேன். என் வெள்ளையும் சுற்றுகிறது. வலஞ்சுழியாக. வேறெதுவும் சொல்வதற்கில்லை.

இழைப்புளி:

டபுள்கிஸ் தம்பி, வலஞ்சுழி என்றால் இடப்பக்கம் பட்டிருக்கிறது. பின்கை உடம்பைவிட்டு வெளியே போகிறதா பாருங்கள், முழங்கை சிறகு விரிக்கும்.

ஒன்பதாம்பந்து, இப்போதுதான் நீங்கள் முதல் நாள் கேட்ட கேள்விக்கு நேரம் வந்திருக்கிறது. கட் இரண்டு பக்கமும் தடிமனாகத் தவறுகிறதா? அப்படியென்றால் இது த்ரோ மட்டும். கோஸ்ட் பாலோ பின்னமோ, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அவை காட்டும் இடத்தைவிடச் சற்று மெலிதாகக் குறி பாருங்கள். எவ்வளவு என்பதை வேகம் சொல்லும். மெல்ல உருட்டும் ஷாட்டுக்கு அதிகம் விட வேண்டும், பலமாக அடித்தால் கொஞ்சம் போதும். பந்துகளைத் துணியால் துடைத்துவிட்டு ஒருமுறை, துடைக்காமல் ஒருமுறை அடித்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வெளிப்பக்கச் சைடு, அதாவது வெட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கச் சைடு, வைத்துத் த்ரோவைத் தின்றுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், வேலை செய்யும். ஆனால் சைடு வைத்தால் வெள்ளை விலகும் கணக்கும் கூடவே வரும். இன்னும் இரண்டு மாதம் நடுவிலேயே அடியுங்கள்.

அரைப்பந்துக் கட்டிலிருந்து தொடங்குங்கள். வெள்ளையின் நடு, பந்தின் ஓரத்தை நோக்க வேண்டும், இதைவிடக் கண்ணுக்குத் தெளிவான குறி வேறில்லை. ஒரே வேகத்தில் இடப்பக்கம் 25, வலப்பக்கம் 25. பிறகு வேகத்தைப் பாதியாக்கி இன்னொரு 50. எந்தப் பக்கம், எவ்வளவு தடிமன் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். வெள்ளை நின்றால் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள், அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பாட்டில் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? கண்ணாடி என்றால் அடியில் ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்று உருண்டு உடைந்திருக்கிறது.